பயம் போகும்வரை காத்திருக்க வேண்டாம்: தேவனை நம்பி அடுத்த அடி வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2020 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. என் கணவர் பிற்பகல் மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். சிங்கப்பூரின் மேற்கே துவாஸில் வேலை முடிந்து, வீடு இருக்கும் ஈசூன் வந்து சேர வழக்கமாக ஏழரை ஆகும். கையில் ஒரு பழுப்பு உறை இருந்தது. 17 வருஷம் வேலை பார்த்த நிறுவனத்தில் ஆட்குறைப்பு. மகளுக்கு அந்த வருஷம் பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. மகன் தொடக்கநிலை மூன்றில் படித்தான். வீட்டுக் கடன் பாதிகூட அடைபடவில்லை.

அன்று இரவு நான் ஜெபம் செய்யவில்லை. காய்ந்த துணிகளை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். மணி இரண்டாகிவிட்டது.

அடுத்த வாரம் விசாரித்த எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "பயப்படாதே, விசுவாசமாயிரு." அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் முதலில் பயம் போக வேண்டும், பிறகுதான் விசுவாசம் வரும் என்று அதை நான் புரிந்துகொண்டேன். பயம் போகவில்லை. அதனால் விசுவாசமும் எனக்கு இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த முடிவு தவறு என்று காட்டியது சங்கீதம் 56. பெலிஸ்தர் தாவீதைக் காத் ஊரில் பிடித்தபோது பாடியது என்று அதன் தலைப்பு சொல்கிறது. அதன் மூன்றாம் வசனம்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயம் தீர்ந்த நாளில் என்று தாவீது சொல்லவில்லை. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே நெஞ்சில் இருக்கின்றன. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு வசனத்தின் மேல்தான் நிற்கிறது. வேலை, நோய், கடன், பிள்ளைகளின் படிப்பு, விசா என்று எதைப் பற்றிய பயமானாலும் இந்தப் படிகள் உதவும் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டிலும், எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் வரும் குடும்பங்களிலும் செய்து பார்த்தவை இவை.

(வேதத்தில் "பயப்படாதே" என்று 365 தடவை இருக்கிறது, நாளுக்கு ஒன்று என்று பலர் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை. பயப்படுகிற நாளில் ஒரு தடவை காதில் விழுந்தால் போதும்.)

முதல் படி: பயத்தை எழுதி, விரித்து வையுங்கள்

அசீரிய ராஜாவிடமிருந்து யூதாவின் ராஜா எசேக்கியாவுக்கு ஒரு மிரட்டல் கடிதம் வந்தது. எருசலேமையும் விடமாட்டேன், உன் தேவனை நம்பி ஏமாறாதே என்பதுதான் அதன் சாரம். எசேக்கியா அதைக் கிழித்துப் போடவில்லை, அப்படி ஒன்று வரவே இல்லை என்று நடிக்கவும் இல்லை. ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தான். 2 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நாங்களும் அப்படியே செய்தோம். அந்தப் பழுப்பு உறையில் இருந்த கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தோம். பக்கத்தில் மகளின் பழைய கணக்கு நோட்டு.

நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் நடந்துவிட்டது மட்டும்: "வேலை போய்விட்டது." இரண்டாவதில் கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியது: "கையிருப்பு எட்டு மாதம் தாங்கும்." மூன்றாவதில், இன்னும் நடக்காமல் மனம் மட்டும் ஓட்டிப் பார்க்கிற படம்: "வீட்டை விற்க வேண்டி வரும். மகள் பரீட்சையில் தவறிவிடுவாள். இவருக்கு இனி யார் வேலை கொடுப்பார்கள்?"

நாங்கள் எழுதியதில் 14 வரிகள் வந்தன. ஒன்பது மூன்றாவது பத்தியில் இருந்தன. அந்த ஒன்பதும் பொய் என்று சொல்ல மாட்டேன், நடந்திருக்கவும் கூடும். ஆனால் அன்றைக்கு அவை நடந்திருக்கவில்லை. நடக்காத ஒன்றைச் சமாளிக்க அன்றைக்கே பலம் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது எழுதிய பிறகுதான் தெரிந்தது.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரிக்கும் "இதற்கு அடியில் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். அவசரப்பட வேண்டாம், இரண்டு மூன்று நாள் ஆகலாம். "வீட்டை விற்க வேண்டி வரும்" என்ற வரிக்கு அடியில் எனக்குக் கிடைத்தது பணக்கவலை இல்லை. திருநெல்வேலியில் இருக்கும் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்பதுதான். 'சிங்கப்பூரில் இருக்கிறாள்' என்று பெருமையாகச் சொன்ன வாய்கள் நாளைக்கு என்ன சொல்லும்? அதைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. ஆனால் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெளிந்தது.

இரண்டாவது படி: சாப்பிடுங்கள், தூங்குங்கள்

இதை ஆவிக்குரிய காரியமாகப் பலர் நினைப்பதில்லை. யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடிய எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என்னை எடுத்துக்கொள்ளும் என்றான். தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டு மறுபடி தூங்கினான். இரண்டாம் தடவையும் தூதன் வந்து அதையேதான் சொன்னான். கேள்விகளெல்லாம் அதற்கப்புறம், ஓரேப் மலையில்.

ஆகவே நள்ளிரவில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், நெஞ்சு படபடப்பு விடாமல் இருந்தால், பக்கத்திலுள்ள பலதுறை மருந்தகத்துக்குப் போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது அவிசுவாசம் ஆகாது. எலியாவுக்கு அடை, உங்களுக்கு மருந்து.

மூன்றாவது படி: உள்ளதை உள்ளபடி, உங்கள் மொழியில் சொல்லுங்கள்

சங்கீதம் 13இல் ஆறே வசனங்கள். முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்டுவிடுகிறான் தாவீது. சங்கீதம் 88 அதைவிடக் கடினம், கடைசி வரிவரை இருள்தான். இவையும் வேதத்தில் இருக்கின்றன என்றால், இப்படிப் பேசுவதைத் தேவன் தாங்கிக்கொள்கிறார் என்றுதானே அர்த்தம்? தண்ணீரில் மூழ்கும்போது பேதுரு செய்த ஜெபமும் நினைவுக்கு வருகிறது. "ஆண்டவரே, என்னை இரட்சியும்." அதற்குமேல் நீட்ட அவனுக்கு நேரம் இல்லை. இயேசு உடனே கையை நீட்டினார்.

இங்கே சிங்கப்பூரில் நம்மில் பலர் அலுவலகத்தில் ஆங்கிலம், பிள்ளைகளோடு ஆங்கிலம், ஆராதனையில்கூடப் பாதி ஆங்கிலம் என்று ஆகிவிட்டோம். என் ஆங்கில ஜெபம் ஒழுங்காக இருக்கும், வரிசையாக இருக்கும். ஒருநாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு "அப்பா, எனக்குப் பயமா இருக்குப்பா" என்று சொன்னேன். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் அழுகை வந்தது. அழுத பிறகுதான் அன்று தூங்கினேன். உங்கள் பயம் எந்த மொழியில் பேசுகிறதோ அந்த மொழியிலேயே ஜெபியுங்கள். பிள்ளைகளுக்கு அது ஆங்கிலமாக இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

எப்போது செய்வது என்று கேட்பவர்களுக்கு: என் கணவர் நேர்காணலுக்குப் போகும்போது எம்ஆர்டி ரயிலில் செய்தார். ஈசூனிலிருந்து பீஷான் வரை பயத்தைச் சொல்வது, பீஷானிலிருந்து இறங்கும் இடம்வரை ஒரு வசனத்தை மெதுவாக வாய்க்குள் சொல்வது. கண்ணை மூடக்கூட வேண்டியதில்லை.

நான்காவது படி: வாக்குத்தத்தத்தை அது இருக்கும் இடத்தில் வைத்துப் படியுங்கள்

வருஷப் பிறப்பு ஆராதனையில் நமக்கு வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் அப்படி ஏழெட்டு அட்டைகள் ஒட்டியிருக்கின்றன. எனக்கு அவை பிரியமானவை. ஆனால் ஒரு வசனத்தை அதன் அதிகாரத்திலிருந்து கத்தரித்து எடுத்தால், அது சொல்லாததையெல்லாம் நாமே சொல்ல வைத்துவிடுவோம்.

அதிகமாக அட்டையில் வருவது எரேமியா 29:11. உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்ற வசனம். 2020இல் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அதுதான். வேலை போன பிறகு அதைப் பார்க்கவே கோபம் வந்தது. பிறகு ஒரு மாலை, அந்த அதிகாரத்தை முதலிலிருந்து உட்கார்ந்து படித்தேன்.

அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று சிலர் அவர்களுக்கு இனிப்பாகத் தீர்க்கதரிசனம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எரேமியா இல்லை என்கிறார். 10ஆம் வசனத்தில் 70 வருஷம் ஆகும் என்கிறார். கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் அதைப் பார்க்க உயிரோடு இருக்கப்போவதில்லை. அதற்கு முன்னால், 5ஆம் வசனத்தில், வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறார். 7ஆம் வசனத்தில், நீங்கள் போயிருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக ஜெபம் செய்யுங்கள் என்கிறார். இத்தனைக்கும் பிறகுதான் 11ஆம் வசனம்.

அன்றைக்கு அந்த வசனம் எனக்குச் சின்னதாகவில்லை, பெரிதாகிவிட்டது. அடுத்த மாதம் வேலை கிடைக்கும் என்று அது சொல்லவில்லை. திரும்பிப் போக வழியில்லாத இடத்தில், முடிவு கண்ணுக்குத் தெரியாத நாள்களிலும், தேவனுடைய நினைவில் நாம் இருக்கிறோம் என்று சொன்னது. இருக்கிற இடத்தில் தோட்டம் போடு என்றும் சொன்னது. கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வந்த நம் முன்னோர்களுக்கு அந்தக் கடிதம் எப்படிக் கேட்டிருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன். ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயம் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழும்பியது. எத்தனை நாள் இங்கே இருப்போம் என்று தெரியாத ஊரில் நிலைத்து நிற்கும் சுவர்களை எழுப்பியவர்களுக்கு முன்னால் என் எட்டு மாதக் கையிருப்புக் கணக்கு என்ன?

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் வசனத்தை எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ள முழு அதிகாரத்தையும் படியுங்கள். யாருக்குச் சொல்லப்பட்டது, அவர்கள் எந்த நிலையில் இருந்தார்கள், என்ன செய்யச் சொன்னார் என்று மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். பிறகு அந்த வசனத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது படி: ஒரே ஒரு அடி

யோசுவா மூன்றாம் அதிகாரத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அது அறுப்புக்காலம், யோர்தான் கரைபுரண்டு ஓடுகிறது. செங்கடலில் முதலில் தண்ணீர் பிளந்தது, ஜனங்கள் பிறகு நடந்தார்கள். இங்கே அப்படி இல்லை. உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்த ஆசாரியர்களின் கால்கள் தண்ணீரின் ஓரத்தில் பட்ட பிறகுதான் ஆறு நின்றது.

அது எங்கே நின்றது? அவர்கள் காலடியில் நிற்கவில்லை. மேலே வெகுதூரத்தில், ஆதாம் என்ற ஊருக்குப் பக்கத்தில் குவியலாக நின்றது என்று 16ஆம் வசனம் சொல்கிறது. முன்னால் நின்ற ஆசாரியனின் இடத்தில் நின்று இதை நினைத்துப் பார்க்கிறேன். அற்புதம் அவன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடக்கிறது. அவனுக்குத் தெரிவது கால்மேல் ஓடும் தண்ணீர் மட்டும்தான்.

எனவே உங்கள் நோட்டில் நான்காவதாக ஒரு பத்தி போடுங்கள். அதில் ஒரே ஒரு வரி, நாளைக்குச் செய்யக்கூடிய ஒன்று. "புது வேலை தேடுவது" என்று எழுதினால் அது அடி ஆகாது, அது முழு ஆறு. "காலை பத்து மணிக்குப் பழைய மேலாளரைக் கூப்பிட்டுப் பேசுவது" என்பதுதான் அடி. பரிசோதனைக்குப் பயப்படுகிறவருக்கு, முன்பதிவுக்கு அழைப்பது அடி. கடனுக்குப் பயப்படுகிறவருக்கு, பிரிக்காமல் வைத்திருக்கும் கடிதங்களைப் பிரிப்பது அடி. மனைவியிடம் இன்னும் சொல்லாதவருக்கு, இன்றிரவு சொல்வது அடி.

என் கணவருடைய முதல் அடி, 17 வருஷத்துக்கு முந்தைய சுயவிவரக் குறிப்பைத் திறந்து பிறந்த தேதியை மட்டும் சரிபார்த்தது. அதற்கே ஒரு முழு மாலை ஆனது. சரி, அதுவும் அடிதான் என்றேன். இன்றைக்கு வேலை இழப்பவர்களுக்கு அன்று எங்களுக்கு இல்லாத ஒரு வழியும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தில், தகுதியுள்ளவர்களுக்கு 6 மாதங்களில் மொத்தம் 6,000 வெள்ளி வரை கிடைக்கிறது. அதற்கு விண்ணப்பிப்பதும் விசுவாசத்தின் அடிதான்.

ஆறாவது படி: இது விசுவாசமா, முரட்டுத் துணிச்சலா?

தேவாலயத்தின் உச்சியில் நிறுத்தி, கீழே குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று பிசாசு சொன்னபோது அவனும் வசனத்தைத்தான் காட்டினான். இயேசு குதிக்கவில்லை. எருசலேமின் மதிலைக் கட்டிய நெகேமியாவோ எதிரிகள் சூழ்ந்தபோது ஜெபமும் பண்ணினான், இரவும் பகலும் காவலும் வைத்தான். நான்காம் அதிகாரம், ஒன்பதாம் வசனம், ஒரே வசனத்தில் இரண்டும் இருக்கின்றன.

இந்த இடத்தில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவர் நிறுத்தச் சொல்லாத மருந்தை விசுவாசத்தின் பெயரால் நிறுத்தாதீர்கள். ஆ லோங்கிடம், அதாவது சட்டவிரோத வட்டிக்காரரிடம், கடன் வாங்கிவிட்டு ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லாதீர்கள். வேலை அனுமதிச் சீட்டில் வந்திருக்கும் தம்பிகள், சீட்டில் உள்ள முதலாளியைத் தவிர வேறு இடத்தில் வேலை செய்வது சட்டப்படி குற்றம் என்பதை மறக்க வேண்டாம். சம்பளம் வராவிட்டால் பயந்துபோய் ஜெபத்தோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். புகார் செய்யக் காலக்கெடு உண்டு. வேலையில் இருந்தால் சம்பளம் வரவேண்டிய நாளிலிருந்து 1 வருஷம், வேலையை விட்டிருந்தால் கடைசி நாளிலிருந்து 6 மாதம். எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு தம்பி அந்த ஆறு மாதம் தாண்டிய பிறகுதான் எங்களிடம் சொன்னார். இன்றும் எனக்கு அது வலிக்கிறது.

சோதித்துப் பார்க்க நான் பயன்படுத்தும் கேள்வி ஒன்று உண்டு. இந்த அடி தவறானால் அதன் சுமையை யார் தூக்குவார்கள்? நான் மட்டும் என்றால் ஜெபித்துவிட்டுத் துணியலாம். மனைவியும் பிள்ளைகளும் என்றால், அவர்களும் அறிந்து சம்மதிக்கும்வரை நிற்க வேண்டும்.

ஏழாவது படி: ஒருவரிடமாவது சொல்லுங்கள்

அமலேக்கியரோடு யுத்தம் நடந்தபோது மோசேயின் கை தளர்ந்தது. ஆரோனும் ஊர் என்பவரும் பக்கத்துக்கு ஒருவராக நின்று சூரியன் அஸ்தமிக்கும்வரை தாங்கினார்கள். உட்காருவதற்கு ஒரு கல்லையும் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தக் கல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. யாரோ ஒருவர் அவருடைய கால் வலியையும் யோசித்திருக்கிறார்.

நாங்கள் இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஆலயம் அப்போது பெரும்பாலும் கணினித் திரையில் இருந்தது, மறைப்பது சுலபமாக இருந்தது. கடைசியில் எங்கள் கூட்டத்தில் மூத்தவரான அக்கா ஒருவரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் வசனம் எதுவும் சொல்லவில்லை. "சரிம்மா. வியாழக்கிழமை மீன்குழம்பு கொண்டுவரேன். சோறு மட்டும் வடிச்சு வை" என்றார். அடுத்த 9 மாதமும் அந்த வியாழக்கிழமை தவறவில்லை.

யாரிடம் சொல்வது? அறிவுரை சொல்ல அவசரப்படாதவராக, கேட்டதை வெளியே கொண்டுபோகாதவராகப் பாருங்கள். போதகராக இருக்கலாம், ஆனால் அவசியமில்லை. விடுதியில் தங்கியிருப்பவர்கள் அறையில் ஒருவரோடு சேர்ந்து ஜெபிக்கத் தொடங்கலாம். யாருமே இல்லை என்று தோன்றினால், தேசிய மனநல உதவி எண் 1771 நாள் முழுவதும் இயங்குகிறது. உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் 1767ஐ அழையுங்கள், எந்த நேரமானாலும். பாவம், விசுவாசக் குறைவு என்று யார் என்ன சொன்னாலும் அதைக் கேட்டுத் தயங்க வேண்டாம்.

எட்டாவது படி: கேட்டது கிடைக்காவிட்டால்

சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும், ராஜாவின் பொற்சிலையை வணங்காதவர்களைப் போடும் எரிகிற சூளைக்கு முன்னால் நின்று, எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்றார்கள். அதோடு நிறுத்தவில்லை. விடுவிக்காமற்போனாலும் பொற்சிலையைப் பணியமாட்டோம் என்றார்கள். இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லிப் பழகாமல் முதல் வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் பலர், கேட்டது கிடைக்காதபோது தேவனையே விட்டு விலகிப்போனதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு நாம் பாதியைத்தான் சொல்லிக்கொடுத்தோம்.

கெத்செமனேயில் இயேசுவே மூன்று தடவை ஜெபித்தார். பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. அவரைப் பலப்படுத்த ஒரு தூதன் வந்தான் என்று லூக்கா எழுதுகிறார். நீங்கள் கேட்டது வராமல், வேறொன்று வரும் நாளுக்காக இந்த இரண்டாவது வாக்கியத்தை இப்போதே உங்கள் வார்த்தையில் எழுதி வையுங்கள். "அப்படி ஆகாவிட்டாலும், நான்..." என்று தொடங்குங்கள். மனதார முடிக்க முடியாவிட்டால் பாதியில் விட்டுவிடுங்கள். பொய்யாக முடிக்க வேண்டாம்.

என் கணவருக்கு 2021 ஜூலையில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் முக்கால் பங்குகூட இல்லை. வீட்டை விற்கவில்லை, விடுமுறைக்கு ஊருக்குப் போவதை விட்டோம். மீன்குழம்பு கொண்டுவந்த அக்காவுக்கு அடுத்த வருஷம் கணவர் புற்றுநோயில் போய்விட்டார். நாங்கள் எல்லோரும் உபவாசித்து ஜெபித்திருந்தோம். அடக்கம் முடிந்து மூன்றாவது வாரம் அவர் ஜெபக்கூட்டத்துக்கு வந்து, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று பாடவில்லை. நாங்களும் பாடச் சொல்லவில்லை. வியாழக்கிழமைகளில் இப்போது நான் அவர் வீட்டுக்குப் போகிறேன்.

போன மாதம் எனக்கு ஒரு பரிசோதனையில் ஏதோ தெளிவாகத் தெரியவில்லை என்று மறுபடி வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. கணக்கு நோட்டில் புதுப் பக்கம் எடுத்துப் பத்திகள் போட்டேன். முதல் பத்தியில் ஒரு வரி. மூன்றாவதில் ஆறு. நான்காவதில், நாளைக் காலை ஒன்பதரைக்கு மருத்துவமனை. அக்கா எட்டு மணிக்கே புளோக்கின் கீழ்த்தளத்தில் வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.